பின்வாசல் சந்துக்கு ஒரு விளக்கு

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போயிருந்தார்கள். 2023 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரிய வீட்டின் பின்வாசலைப் பெருக்கப் போன நான்தான் அதை முதலில் பார்த்தேன். இரண்டாம் கட்டில் தரையெல்லாம் தூசி. அந்தத் தூசிக்கு நடுவே வட்டம் வட்டமாகத் தரை பளிச்சென்று தெரிந்தது. பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் அத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்த இடம். பதினான்கு வட்டம் எண்ணினேன். மூன்று அறைகளில் பூட்டை உடைத்திருந்தார்கள். ஒரு நிலைக்கு மேலே இருந்த கஜலட்சுமிப் பலகையைப் பெயர்த்த இடத்தில் மரம் வெள்ளையாக நின்றது.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். என் மாமனார் காலத்திலிருந்து மூன்று செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு நாங்கள் சாவி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது, மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் பிடிப்பது, கரையான் பார்ப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்றால் வீடு நிறைந்துவிடும். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான்.

போலீஸ் வந்தது, நாய் வந்தது, கைரேகை எடுத்தார்கள். அதன் பிறகு மாமாவை, அதாவது என் மாமனாரை, விசாரணைக்கு என்று அழைத்துப் போனார்கள். அவருக்கு அப்போது வயது 68. காலை பத்து மணிக்குப் போனவர் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினார். யாரும் கை வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, சாவியை யாரிடம் கொடுத்தீர், யார் வந்து போனார்கள் என்று இதையே ஆள் மாற்றி ஆள் கேட்டிருக்கிறார்கள். வந்தவர் சாப்பிடவில்லை. சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "இதைத் திருப்பிக் கொடுத்துருவோம் தாயி. நாற்பது வருஷம் போதும்" என்றார்.

தேவகோட்டையில் வக்கீல் வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் போய் அழுதேன். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 160-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். சாட்சியாக விசாரிப்பதற்காகப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழான, 65 வயதுக்கு மேலான ஆண்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தை விட்டு வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இது 179-ஆவது பிரிவு, ஆண்களுக்கு வயது வரம்பு 60. சாவி வைத்திருக்கும் எல்லோரும் இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் மாமாவை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டேன்.

புகார் கொடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. இந்த வீடுகள் ஒரே ஆளுக்குச் சொந்தமில்லை. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு. உள்ளே என்ன இருந்தது என்று அந்தக் குடும்பத்தில் மூத்தவர்களுக்குத்தான் தெரியும், சிலருக்கு அதுவும் தெரியவில்லை. "என்னென்ன போச்சுன்னு பட்டியல் குடுங்க" என்கிறார் ஏட்டு. பதினான்கு வட்டத்தைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? சென்னையிலிருந்து அந்த வீட்டு ஆச்சி வந்து, கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எழுதிய பழைய நோட்டு ஒன்றைத் தேடியெடுத்தார். அதை வைத்துத்தான் புகார் எழுத முடிந்தது. முதல் நாள் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். மூன்றாவது நாள் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும். ஆச்சி போகும்போது மாமா சாவிக்கொத்தை நீட்டினார். ஆச்சி வாங்கவில்லை. "நீங்க இல்லாட்டி இந்த வீடு எப்பவோ போயிருக்கும்ணே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் ஊரில் கேமராப் பேச்சு ஆரம்பித்தது. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் ஒரு வாட்ஸப் குழு தொடங்கி, எட்டு கேமராவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். முகப்புத் தெருவில் நாலு, பிள்ளையார் கோயில் முக்கில் ரெண்டு, பஸ் ஸ்டாப்பில் ரெண்டு. நல்ல மனசோடு சொன்னதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு தெரிந்த எவருக்கும் இதில் உள்ள ஓட்டை கண்ணில் பட்டிருக்க வேண்டும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், வீடு நீண்டுகொண்டே போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்பில் கல்லும் சுண்ணாம்புமாகப் பெரிய வாசல், தேக்குக் கதவு, நாலு பேர் நடமாட்டம். பின்வாசலில் மட்ட மரக் கதவு, சீமைக் கருவேலம், இருட்டு. திருடன் வந்தது அந்தப் பக்கம். நாங்கள் குடியிருப்பதும் அந்தப் பக்கம். அந்தச் சந்தில் அப்போது தெருவிளக்கு இரண்டுதான், அதிலும் ஒன்று எரியாது.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போவது என்று முடிவு செய்தேன். அதுவரை நான் போனதே இல்லை. எங்கள் ஊராட்சியில் மக்கள்தொகை 2,400. அப்படியானால் 100 பேர் வந்தால்தான் குறைவெண் கணக்குச் சரியாகும், இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. சுயஉதவிக் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் சந்திலிருந்து மட்டும் முப்பத்தொரு பேர். கிராம சபையில் வாயால் சொல்வது காற்றோடு போய்விடும் என்று வக்கீல் தம்பி சொல்லியிருந்தார். மனுவை எழுதி, ரெண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கினேன். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கிற வரைக்கும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுதிய பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். அந்தப் படம் பிறகு மூன்று இடத்தில் கை கொடுத்தது.

எங்கள் மனுவில் நாலு கேட்டிருந்தோம். பின்வாசல் சந்துக்கு விளக்கு. கருவேலத்தை வெட்டி நடைபாதை. கேமராவில் பாதி சந்துப் பக்கம். நாலாவதுதான் எனக்கு முக்கியம்: திருட்டு நடந்தால் சாவி வைத்திருப்பவர்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று காவல் துறை எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். நாலாவதைப் படித்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "இதெல்லாம் இங்க பேசுற விஷயமா?" என்றார். என் நாத்தனார் எழுந்து, "வேற எங்கண்ணே பேச? ஸ்டேஷன் பெஞ்சுலயா?" என்று கேட்டாள். தீர்மானம் நிறைவேறியது.

அன்றே இன்னொரு யோசனையும் வந்தது. இளைஞர்கள் கம்போடு இரவு ரோந்து போகலாம் என்றார்கள். என் பெரியண்ணன் தொண்ணூறுகளில் எஃப்.ஓ.பி.யில் இருந்தவர். காவல் துறையின் நண்பர்கள் என்ற அந்த அமைப்பு 1993-இல் எங்கள் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் தொடங்கியது, அங்கே எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கி வைத்தார். அண்ணன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏட்டையாவோடு சைக்கிளில் போன கதையை இன்றும் சொல்வார். ஆனால் 2020-இல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப் போன தந்தையும் மகனும் இறந்த பிறகு அரசே அந்த அமைப்பைத் தடை செய்தது. அதிகாரம் இல்லாதவன் கையில் கம்பைக் கொடுத்தால் இருட்டில் முதலில் அடி வாங்குவது வழி தவறி வந்த வெளியூர்க்காரன்தான். நான் எதிர்த்தேன், அண்ணனும் எதிர்த்தார். விளக்குப் போடுங்கள், போலீஸை நடக்க வையுங்கள், அது போதும் என்றோம்.

அடுத்து பணம். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். தெருவிளக்கு போடுவது 1994 ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சியின் கடமை. அதற்கு நன்கொடை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. புதுக் கம்பம் நட மட்டும் மின்வாரியம் எஸ்டிமேட் போடும், ஊராட்சி பணம் கட்ட வேண்டும். சந்துக்குப் பேவர் பிளாக் பதிக்க நமக்கு நாமே திட்டம் என்று வழி சொன்னார்கள். அதில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். கேமராவுக்கு வீட்டுக்காரர்கள் பணம். வாட்ஸப் குழுவில் அவர்களோடு பேசியது ஆச்சிதான். "சந்துக்குப் போடுற காசும் நம்ம வீட்டைக் காக்கத்தான்" என்று குரல் பதிவு அனுப்பினார். மூன்றில் ஒரு பங்குக்கும் அவர்களே சம்மதித்தார்கள். எங்கள் சந்தில் வீட்டுக்கு இருநூறு ரூபாய் போட்டோம். சின்னத் தொகைதான், ஆனால் யாரும் எங்களுக்குச் சும்மா கொடுத்ததாக இருக்கக் கூடாது என்று மாமா பிடிவாதமாக நின்றார்.

எஸ்டிமேட் கைக்கு வர டிசம்பர் ஆனது. ஒன்றிய அலுவலகத்துக்கு எட்டு தடவை நடந்தேன். கலெக்டர் அனுமதிக்குக் கோப்பு போனது. அதற்குள் 2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்து, நடத்தை விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. புது வேலை எதையும் தொடங்கக் கூடாது. ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடியும் வரை கோப்பு அசையவில்லை. தேர்தல் ஆண்டில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா தனியார் பணம் என்பதால் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. எங்கே மாட்டுவது என்று பேச எஸ்.ஐ. வந்திருந்தார். இவர் புதிதாக வந்தவர். முகப்புத் தெருவிலேயே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். "சார், ஒரு தடவ சந்துல நடந்து வாங்க" என்றேன். ஏழு மணி இருக்கும். டார்ச் அடித்துக்கொண்டு எங்களோடு கடைசி வரை நடந்தார். கருவேல முள் சட்டையில் மாட்டியது. பெரிய வீட்டுப் பின்வாசலில் நின்று, கழற்றி மாட்டிய கீலைத் தொட்டுப் பார்த்தார். ஆணி இன்னும் புதுசாக மின்னியது. "நாலு கேமரா இந்தப் பக்கம் வரட்டும்" என்றார்.

அதில் ஒன்று ஊருணிப் படித்துறையைப் பார்த்தபடி மாட்டப்பட்டது. மறுநாளே கவனித்தோம். அங்கேதான் நாங்கள் குளிப்பதும் துவைப்பதும். காட்சி ஊராட்சி அலுவலகத்தில் ஓடும், ஸ்டேஷனிலும் போனில் பார்ப்பார்கள். பாதுகாப்புக்கு என்று போட்டது எங்கள் மேலேயே கண் வைத்தால் எப்படி? பத்துப் பெண்கள் போய் நின்றோம். அன்று மாலையே கேமராவைப் பாதைப் பக்கம் திருப்பினார்கள். காட்சியை யார் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் கேட்டோம். அந்தப் பதிவேடு இருக்கிறது, எழுதுவது மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. மாதம் ஒரு முறை நான் போய்ப் புரட்டிப் பார்க்கிறேன். கரண்ட் பில் யார் கட்டுவது, வயர் அறுந்தால் யார் பார்ப்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதாததால் மழைக்காலத்தில் மூன்று வாரம் இரண்டு கேமரா செத்துக் கிடந்தது.

நாலாவது கோரிக்கைக்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. எஸ்.ஐ.யிடம் நேரில் பேசினோம். சாவி வைத்திருக்கும் பதினாறு குடும்பங்களின் பெயரும் எண்ணும் ஸ்டேஷனில் கொடுத்தோம். சந்தேகப் பட்டியலாக இல்லாமல், உதவிக்குக் கூப்பிடும் பட்டியலாக அது இருக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதினோம். விசாரணை என்றால் வீட்டுக்கே வருவோம், வயதானவர்களை அழைக்க மாட்டோம் என்றார். எழுத்தில் தரவில்லை. ஆனால் போன மார்கழியில் பக்கத்துத் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனபோது, ஏட்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் மாமாவிடம் கேட்டார். மாமா அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

பேவர் பிளாக் 2024 செப்டம்பரில் முடிந்தது. சந்தில் இப்போது ஆறு விளக்கு. ரோந்து வரும் பீட் போலீஸ் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் முன்பு கோயில் முக்கில் மட்டும் இருந்தது. கேட்டு இன்னொன்றை எங்கள் மாட்டுக் கொட்டகைத் தூணில் தகரப் பெட்டியில் மாட்ட வைத்தோம். இரவில் வண்டிச் சத்தம் கேட்டால் மாமா எழுந்து போய், "மணியையும் சேத்து எழுதுங்க தம்பி" என்பார். எழுதுகிறார்கள். சாவிக்கொத்து அதே ஆணியில்தான் தொங்குகிறது.

பெரிய வீட்டில் அறை அறையாகச் சாமான்களைப் படம் எடுத்து ஆச்சிக்கு அனுப்பும் வேலையை என் மகள் செய்து வருகிறாள். இரண்டு அறை பாக்கி, அந்தப் புள்ளிகள் வந்து பூட்டைத் திறக்க வேண்டும். அண்டாக்கள் இன்னும் கிடைக்கவில்லை. நாலாவது கம்பத்து விளக்கு பத்து நாளாக எரியவில்லை. அடுத்த கிராம சபைக்கு மனு எழுதி, ரெண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.