ஹார்டிக்கு முன்பே ராமானுஜனைப் படித்தவர்கள்

ராமானுஜனின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கும்பகோணத்திலிருந்து நேரே கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுகிறார்கள். 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே, அவருடைய கணக்குகளைப் படித்து, திருத்தச் சொல்லி, அச்சிட்டும் வெளியிட்ட ஓர் அமைப்பு இந்நாட்டில் இருந்தது என்பது உரிய அளவில் பேசப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. அந்த அமைப்பு இந்தியக் கணிதச் சங்கம்.

அதைத் தோற்றுவித்த வி. ராமஸ்வாமி ஐயர் பேராசிரியர் அல்லர். வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டராக இருந்தவர். வெளிநாட்டுக் கணித இதழ்களையும் நூல்களையும் தனி ஒருவர் விலை கொடுத்து வாங்க முடியாத காலத்தில், ஆர்வலர்கள் சந்தா செலுத்திக் கூட்டாக வாங்கி, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் படிக்கலாம் என்று 1906ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நண்பர்களுக்கு எழுதினார். மறு ஆண்டு ஏப்ரலில் 20 உறுப்பினர்களுடன் ‘அனலிட்டிக் கிளப்’ என்ற பெயரில் சங்கம் பிறந்தது. புணே பெர்குசன் கல்லூரியில் நூலகம் அமைந்தது. 1909இல் சொந்த இதழ் தொடங்கியது. 1910இல் இன்றைய பெயர் நிலைத்தது.

இதழ் தொடங்கியதுதான் இச்சங்கம் செய்த ஆகப் பெரிய காரியம் என்று கருதுகிறேன். வாசகர்கள் வினாக்களை அனுப்புவதும், விடை கண்டவர்கள் எழுதுவதுமாக அதில் ஒரு பகுதி இருந்தது. 1911இல் ராமானுஜன் அனுப்பிய 289ஆம் வினா, ஒன்றனுள் ஒன்றாக முடிவின்றி நீளும் வர்க்கமூலங்களின் மதிப்பைக் கேட்டது: ஒரு மூலத்தினுள்ளே 1உடன் 2 மடங்கு இன்னொரு மூலம், அதனுள்ளே 1உடன் 3 மடங்கு மற்றொரு மூலம், இப்படியே √(1 + 2√(1 + 3√(1 + …))). மாதக்கணக்கில் எவரும் விடை அனுப்பாததால் அவரே எழுதினார்: விடை 3. மூன்றின் வர்க்கமான 9 என்பது 1 கூட்டல் 2 பெருக்கல் 4. நான்கின் வர்க்கமான 16 என்பது 1 கூட்டல் 3 பெருக்கல் 5. இந்தத் தொடர்ச்சியைக் கண்டுகொண்டால் பள்ளி மாணவருக்கும் அதன் அழகு புலப்படும். இவ்வாறு அவர் அனுப்பிய வினாக்கள் 50க்கும் மேல்.

அதே ஆண்டில்தான் பெர்னோலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை அதில் வெளிவந்தது. பிறர் பின்தொடர முடியாத அளவுக்குச் சுருக்கமாக அவர் எழுதியதால், பெங்களூரிலிருந்த பதிப்பாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் கையெழுத்துப் பிரதியை மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பித் தெளிவாக எழுதச் செய்தார். பட்டம் பெறாத, வேலையில்லாத ஓர் இளைஞரின் தாளைக் குப்பையில் போடாமலும் அப்படியே அச்சிடாமலும் பொறுமையோடு செம்மைப்படுத்திய அந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உதவிய மனிதர்களும் பெரும்பாலும் இச்சங்கத்தைச் சேர்ந்தவர்களே. 1910இல் திருக்கோவிலூருக்கு வந்து எழுத்தர் வேலை கேட்ட ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்த ராமஸ்வாமி ஐயர், தாலுகா அலுவலகத்தின் அடிமட்ட வேலையில் அந்த மேதைமையை முடக்க மனமின்றி, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். பிறகு மாதந்தோறும் பணம் கொடுத்து ஆதரித்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவும், பின்னர் ராமானுஜன் வேலைக்குச் சேர்ந்த சென்னைத் துறைமுகக் கழகத்தில் அவருக்கு மேலதிகாரியாக அமைந்து இரவுகளில் உடனிருந்து கணக்குப் போட்ட நாராயண ஐயரும் சங்கத்தின் உறுப்பினர்கள்.

புணேயிலிருந்த நூலகம் 1950இல் சென்னைக்கு, ராமானுஜன் பெயரிலான கணித நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. ஆண்டு மாநாடுகளும் இதழும் இன்றும் தொடர்கின்றன. 1930களில் தொடங்கிய ‘மேதமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்’ என்ற இரண்டாவது இதழில் வினா விடைப் பகுதியும் வருகிறது. பழைய தொகுதிகளில் உள்ள அந்த வினாக்களை யாரேனும் தமிழில் தொகுத்து, விளக்கத்துடன் மேல்நிலைப் பள்ளி நூலகங்களுக்குக் கொடுத்தால், 289ஆம் வினாவோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் நம் ஊர்களில் நிச்சயம் கிடைப்பார்கள்.