பேர்கன் பயணமும் ஃபானா மேற்சட்டையும்: பின்னல் எதுவரை வந்திருக்கிறது

இலையுதிர்கால விடுமுறைக்குப் பேர்கன் போவதென்று முடிவாகி, ரயில் ரிக்கெற்றும் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் நான் யோசித்ததெல்லாம் பையில் எந்தப் பின்னலைப் போடுவது என்பதைப் பற்றித்தான்.

ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்கு ரயிலில் ஏழு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். 1909இல் திறந்த பாதை. யெய்லோ தாண்டினால் மரங்கள் குறைந்துகொண்டே போய், ஃபின்ஸேயில் 1222 மீற்றர் உயரத்தில் வெறும் பாறையும் பனியும்தான். அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு மாதிரிப் படத்தில் கட்டம் எண்ண எனக்கு விருப்பமில்லை. அதனால் பூவேலைச் சால்வையை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ஒரு வரியில் ஒரு கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) தவறினாலும் கீழே இருபது வரி பிரிக்க வேண்டிய வேலை அது. காலுறை பின்னலாம்தான். ஆனால் காலுறை பஸ்ஸிலும் பின்னுகிறேன், பல் வைத்தியரிடம் காத்திருக்கும்போதும் பின்னுகிறேன். பேர்கனுக்கென்று போகும்போது பேர்கனுக்குரியது ஒன்று கையில் இருக்கவேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஃபானா மேற்சட்டைதான். ஃபானா முன்பு தனி நகராட்சி, 1972இல்தான் பேர்கனோடு சேர்ந்தது. அந்த ஊர்ப் பெயரிலேயே வழங்குகிற பின்னல் இது. கீழ் விளிம்பில் சதுரங்கக் கட்டம், உடம்பு முழுக்க நீலமும் வெள்ளையுமாக மாறி மாறிப் பட்டைகள், பட்டைக்குள் மற்ற நிறத்தில் புள்ளிகள், தோளில் எட்டு இதழ் நட்சத்திரம். நோர்வேக்கு வந்த புதிதில் ஒஸ்லோ ராமில் (ட்ராமில்) முன்னிருக்கையில் இருந்த ஒரு முதிய பெண் அதைப் போட்டிருந்தா. தோளில் இருந்த நட்சத்திரத்தை அன்றைக்கே மனதில் போட்டு வைத்தேன்.

சிக்கல் நூலில்தான் வந்தது. பேர்கனுக்கு வடக்கே நூர்ஹோர்லாந்தில் ஹில்லஸ்வோக் என்ற நூற்பாலை இருக்கிறது. 1898இல் தொடங்கியது, ஒரே குடும்பம் நடத்திவருகிறது. நோர்வே ஆட்டுக் கம்பளியைப் பழைய இயந்திரங்களில் நூற்று, தாங்களே சாயமும் போடுகிறார்கள். சட்டைக்கான நூலை அங்கேயே போய், நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, ஒரே சாயத் தொகுதியில் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலாக) வாங்கவேண்டும் என்பது என் ஆசை. அப்படியென்றால் போகும் வழியில் சட்டை தொடங்க முடியாது. வரும் வழிக்குத்தான் அது.

சரி, போகும் வழிக்கு? இரண்டு நாள் இதையே யோசித்தபோது விடை ஃபானா மேற்சட்டைக்குள்ளேயே இருந்தது. எந்தச் சட்டைக்கும் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று அளக்கவேண்டும். இரண்டு நிறப் பின்னலை வட்டமாகப் பின்னும்போது விழும் கண்ணி வேறு, திருப்பித் திருப்பித் தட்டையாகப் பின்னும்போது விழுவது வேறு. ஆகவே மாதிரியும் வட்டமாகத்தான் இருக்கவேண்டும். வட்டமான மாதிரி என்றால் அது தொப்பிதானே! அதே ஆலையின் அஸ்க் என்ற நூலில் ஒரு நீலம், ஒரு வெள்ளை மட்டும் இங்கே வாங்கி, ஃபானாப் பட்டைகளோடு ஒரு தொப்பி. போகும்போது தொப்பி, அது சொல்லும் அளவை வைத்து வரும்போது சட்டை.

அஸ்க் 100 கிராமுக்கு 315 மீற்றர் ஓடும். கையில் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். இரண்டு நிறப் பின்னலுக்கு அந்தச் சொரசொரப்புத்தான் பலம், இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தொடங்குமுன் நீல நூலில் ஒரு முழம் வெட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அடர் நிறத்தையும் வெள்ளையையும் சேர்த்துப் பின்னுகிறவர்கள் இதைச் செய்துவிட்டே தொடங்குங்கள்.

3 மில்லிமீற்றர் வட்ட ஊசியில் 128 கண்ணி ஏற்றினேன். விளிம்பு முடிந்து, இப்போது இரண்டாவது பட்டையில் நிற்கிறேன். மூன்று கண்ணி ஒரு நிறம், நாலாவது மற்ற நிறம், அடுத்து இரண்டு சுற்று ஒரே நிறம், பிறகு புள்ளி இடம் மாறி விழும். பின்பக்கம் ஓடும் இழை மூன்று கண்ணி நீளந்தான் என்பதால் இடையில் எங்கும் கோத்துப் பிடிக்கத் தேவையில்லை. இரண்டு பட்டைக்குள் விரல் பழகிவிட்டது. ஃபின்ஸேயில் நான் சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்த்துக் கற்ற விஷயம் ஒன்று. நான் ஒரு நூலை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடித்துப் பின்னுகிறேன். இடது கை நூல் பின்பக்கத்தில் எப்போதும் கீழால் போகும், அதன் கண்ணி முன்பக்கத்தில் சற்றுப் பெரிதாக எழுந்து நிற்கும். ஃபானாவில் பட்டைக்குப் பட்டை புள்ளியின் நிறம் மாறுகிறது. முதல் பட்டையில் வெள்ளைப் புள்ளி, வெள்ளை நூல் இடது கையில். இரண்டாவது பட்டையில் கையை மாற்றாமல் அப்படியே கொஞ்சம் பின்னிப் பார்த்தேன்: நீலப் புள்ளிகள் வெள்ளைக்குள் அமிழ்ந்து மங்கலாகத் தெரிந்தன. அதைப் பிரித்து, நீலத்தை இடது கைக்குக் கொண்டுவந்து பின்னியதும் புள்ளி முழித்துக்கொண்டது. ஆகவே சட்டையில் ஒவ்வொரு பட்டைக்கும் கை மாறும். புள்ளி எந்த நிறமோ அது இடது கை. இதைத் தொப்பியிலேயே தெரிந்துகொண்டது பெரிய நிம்மதி.

அளவையும் ஒருதரம் ஊசியோடு வைத்தே பார்த்தேன், 10 சென்ரிமீற்றருக்கு 24 கண்ணி. கழுவிக் காயவைத்த பிறகு வருவதுதான் நம்பக்கூடியது, அதைப் பேர்கன் விடுதியில் முதல் இரவே செய்துவிடுவேன். 24 நிலைத்தால் 100 சென்ரிமீற்றர் மார்புக்கு 240 கண்ணி. சட்டையையும் குழாய்போல வட்டமாகப் பின்னி, பிறகு முன்பக்கத்தை வெட்டித்தான் திறப்பேன். அந்த முன்திறப்பின் இரு பக்கமும் புள்ளி வடிவம் ஒரே போல முடிய ஒன்று கூட்டி 241, வெட்டும் இடத்துக்குத் தனியாக ஐந்து.

பேர்கனில் என் சித்தி மகள் இருக்கிறா. போனில் கதைத்தபோது முதல் சொன்னதே, "அக்கா, குடை கொண்டு வராதீங்கோ, காத்து திருப்பிப் போட்டிடும். நல்ல மழைக்கோட் ஒண்டு போதும்" என்றுதான். ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊர், அவ சொன்னால் சரி. பிறகு, "ஊலுக்கெண்டே வாறீங்களோ, என்னைப் பாக்க வாறீங்களோ?" என்றா. இரண்டுக்கும்தான் என்றேன், ஒரு நாள் சால்ஹூஸுக்கு அவவும் கூட வருகிறா.

சால்ஹூஸில் 1859இல் தொடங்கிய பின்னலாடைத் தொழிற்சாலை 1989 வரை ஓடியது. இப்போது அது துணித்தொழில் அருங்காட்சியகம். இயந்திரங்களை ஓடவிட்டே காட்டுவார்கள். கம்பளி எப்படி நூலாகி, நூல் எப்படி உடுப்பாகிறது என்று அங்கே பார்த்துவிட்டு நூற்பாலைக்குப் போவது என் ஒழுங்கு. இரண்டு இடங்களும் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்கவேண்டும். பழைய துறைமுகக் கரையான பிறிக்கனின் மரவீடுகளும் ஃப்ளொயன் மலை ரயிலும் மிச்ச நேரத்துக்கு.

நூல் வாங்கினதும் சட்டையின் அடி விளிம்பையும் சதுரங்கக் கட்டத்தையும் சித்தி மகள் வீட்டில் இருந்தே முடிக்க வேண்டும். எண்ணிப் பின்னவேண்டிய பகுதி அது. முடித்துவிட்டால் திரும்பும் ரயிலுக்குப் புள்ளிப் பட்டைகள் மட்டுமே மிஞ்சும். நீலம் நான்கு, வெள்ளை மூன்று, ஒவ்வொன்றும் 100 கிராம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பையில் அதற்கு இடம் விட்டுத்தான் உடுப்பு அடுக்குகிறேன். வெள்ளீயப் பொத்தான்களையும் அங்கேயே தேடுவேன். தோள் நட்சத்திரத்தை வீட்டு மேசையில் வைத்துப் பின்னலாம். முன்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவதும் ஒஸ்லோவில்தான், வெட்டுமுன் இரு பக்கமும் தையல் ஓட்டும் மெஷின் இங்கேதானே இருக்கிறது.