பக்கத்து சீட் காலி

அமெரிக்காவில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் பெட்ரோலுக்கும் ரூம் வாடகைக்கும் துல்லியமாகக் கணக்குப் போடுவார்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்தால் சம்பளமில்லாமல் எத்தனை வேலை பார்ப்பார் என்பது மட்டும் கணக்கில் வராது. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பது, எக்ஸிட் நம்பர் பார்ப்பது, "என்ன, கண்ணு சொக்குதா?" என்று தோளில் தட்டுவது எல்லாம் அவர் இலாகா.

தெற்கு டகோட்டாவில் இது சீக்கிரமே புரியும். சூ ஃபால்ஸிலிருந்து ராப்பிட் சிட்டிக்கு ஐ-90 சாலையில் சுமார் 340 மைல். வேக வரம்பு பெரும்பாலும் 80 மைல். ஸ்டியரிங்கைத் திருப்ப அவசியமே வராது. க்ரூஸ் கன்ட்ரோல் போட்டால் காலுக்கும் லீவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூளையும் லீவு எழுதிக் கொடுத்துவிடும். பாட்டை அலறவிடுவது, கண்ணாடியை இறக்குவது எல்லாம் அஞ்சு நிமிட வைத்தியம். ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தி, ஒரு காபியைக் குடித்த கையோடு 20 நிமிடம் தூங்குவதுதான் வேலைக்காகும். காபி ஏறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து எழுப்பும்.

பேச்சுத் துணைக்கு 'வால் டிரக்' (Wall Drug) கடையின் விளம்பரப் பலகைகள் உண்டு. டெட் ஹஸ்டெட் 1931-இல் வாங்கிய மருந்துக்கடை அது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்கு, 1936-இல் மனைவி டோரதி சொன்ன யோசனைதான் கூட்டத்தைக் கொண்டுவந்தது: ஐஸ் தண்ணீர் இலவசம் என்று சாலையோரம் பலகை வையுங்கள். தண்ணீர் இன்றும் இலவசம். காபி 5 சென்ட்.

பாதிக்கு மேல் போனதும் நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். போன் தானாக மாறும், காரின் கடிகாரம் மாறாமல் முறைத்துக்கொண்டிருக்கும். எது சரி என்று சண்டை போடக்கூட ஆளிருக்காது.

அந்தி சாய்ந்தால் பூச்சிகள். கண்ணாடியில் சட்டென்று மோதியதும் கை வைப்பர் பக்கம் போகும். போகக்கூடாது. உலர்ந்த வைப்பர் அதை இழுத்து, கண்ணாடி முழுக்க மஞ்சளாக மெழுகிவிடும். கேஸ் ஸ்டேஷன் வாளித் தண்ணீரால் நன்றாக நனைத்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிறகு வழிக்க வேண்டும். காரின் முன்பக்கத்தையும் அப்போதே கழுவுவது உத்தமம். வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டோடுதான் வரும்.

ராப்பிட் சிட்டி பக்கம் வந்ததும் பெட்ரோல் பம்பில் ஆக்டேன் நம்பரை, அதாவது பெட்ரோல் எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் எண்ணைப் படியுங்கள். வழக்கம்போல விலை குறைந்த பட்டனை அழுத்தினால் 87 வராது, 85 ஆக்டேன் வரலாம். கார்புரேட்டர் காலத்தில், காற்று மெலிந்த உயரத்தில் சிலிண்டர் அழுத்தம் குறைவாக இருந்ததால் 85 போதுமாக இருந்தது. இன்றைய எஞ்சின்களுக்கு, குறிப்பாக டர்போ வண்டிகளுக்கு, அந்தச் சலுகை செல்லாது. மேனுவலில் 87 என்றிருந்தால் 87-தான்.

அடுத்து கஸ்டர் ஸ்டேட் பார்க். 18 மைல் வனவிலங்குச் சாலையில் காட்டெருமைகளோடு பிச்சைக்காரக் கழுதைகளும் உண்டு. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அமெரிக்கர்கள்தான். காற்றுக்காக இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தின்பண்டப் பையைக் காலி சீட்டில் வைத்திருந்தால், அந்த சீட்டுக்கு உடனே ஆள் கிடைத்துவிடும். தலை உள்ளே இருக்கும்போது பதறிப்போய்க் கண்ணாடியை ஏற்றாதீர்கள், கழுத்து நசுங்கும். கழுதைக்கு அவசரம் கிடையாது. பையைப் பின் சீட்டின் அடியில் தள்ளிவிட்டால் ஆர்வம் போய், எச்சிலை மட்டும் விட்டுவிட்டு இறங்கிக்கொள்ளும்.

பக்கத்திலேயே நீடில்ஸ் ஐ என்ற சாலைச் சுரங்கப்பாதை. அகலம் 8 அடி, உயரம் 9 அடி 9 அங்குலம். பெரிய பிக்கப் வண்டி, பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடிகளை விரித்தபடி நின்றால் அதுவே ஏறத்தாழ 8 அடி. துணைக்கு ஆளிருந்தால் இறங்கி "வா, வா, போதும்" என்பார். தனி ஆள் கண்ணாடிகளை மடக்கி, ஹாரன் அடித்து, எதிரே யாரும் நுழையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நடை வேகத்தில் இடதுபக்கப் பாறையை ஒட்டிப் போக வேண்டும். ஸ்டியரிங் இடதில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பாறைதான்.

கொலராடோவில் உச்சி வரை கார் ஏறும் பைக்ஸ் பீக் மலை, 14,115 அடி. சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத வலுவை இழப்பதால், உச்சிக்குப் பக்கத்தில் கார் மூச்சு வாங்கும். ஏற்றம் மானத்தை வாங்கும், இறக்கம்தான் ஆபத்து. பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் சூட்டில் பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதித்தால் மிதி பஞ்சாக உள்ளே போகும். முதல் கியரிலோ, ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' (லோ) கியரிலோ போட்டு எஞ்சினைப் பிடிக்கவிடுங்கள். பிரேக்கை அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விடுங்கள்.

இதைக் கேட்காதவர்களுக்காகவே வழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி, பிரேக்குக்கு ஜுரம் பார்க்கிறார்கள். சூடு அதிகமென்றால் ஓரங்கட்டி ஆறவைக்க வேண்டியதுதான். உச்சிக் கடையில் உயரத்துக்கென்றே செய்யும் டோனட் பிரபலம். கீழே இறக்கினால் சப்பிப்போகும் என்பார்கள். பிரேக் ஆறும்வரை அதை மடியில் வைத்துக் காவல் காப்பதைவிட, மேலேயே தின்றுவிட்டு இறங்கலாம்.