வற்றாப்பளை அம்மன் முன்னிலையில் ஊர் அணி: ஒரு புத்தாண்டு யாத்திரை

கிளிநொச்சிப் பக்கத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்று சித்திரைப் புத்தாண்டுக்கு அணியாகக் கோயிலுக்குப் புறப்பட்டால், போகும் வழி அநேகமாக ஒன்றுதான். முதலில் முறிகண்டிப் பிள்ளையார், மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், பிறகு முள்ளியவளை காட்டா விநாயகர், கடைசியில் நந்திக்கடலோரம் வற்றாப்பளை கண்ணகி அம்மன். முறிகண்டியில் சிதறுதேங்காய் உடைக்காமல் எந்த வாகனமும் போவதில்லை. அங்கே கச்சான் வாங்கலாம், ஆனால் பொங்கிப் படைத்து முடியும்வரை பொதியை அவிழ்க்க வேண்டாம்.

வெல்லாத அணிக்கு ஏன் வற்றாப்பளை? மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவி வடிவில் வந்த அம்மன் விளக்கேற்றச் சொன்னாளாம். எண்ணெய் இல்லை என்றார்கள் பிள்ளைகள். கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். எண்ணெய் இல்லாத பிள்ளைகளிடம் வந்த தாய் அவள். இரண்டு பந்தும் கிழிந்த வலையுமாக யாழ்ப்பாணத்துப் பெரிய கழகங்களோடு மோதுகிற பிள்ளைகள் போய் நிற்க இதைவிடப் பொருத்தமான வாசல் வன்னியில் இல்லை.

நேரத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வருடப்பிறப்புக்கு வெவ்வேறு நேரம் சொல்லும். ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் பார்த்தால் பாதி அணி மருத்துநீர் என்ற மூலிகைநீரைத் தலையில் வைத்து முழுகாமலே வந்து நிற்கும். ஊர்க்கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே எல்லாரும் எடுங்கள். இன்னொன்று வெயில். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். பத்து மணிக்குப் பிறகு வீதி மணலில் வெறுங்காலோடு பிரதட்சிணம் செய்தால் உள்ளங்கால் கொப்பளிக்கும். அடுத்த கிழமை போட்டி இருக்கிற அணிக்கு அது விளையாட்டல்ல. விடியுமுன் புறப்பட்டு, ஒன்பதரைக்குள் பொங்கலை இறக்கிவிட வேண்டும்.

ஜேர்சியோடு உள்ளே போக நினைக்க வேண்டாம். ஆண்கள் வேட்டியுடன், மேற்சட்டை இல்லாமல் போவதே முறை. ஜேர்சிகளைத் தோய்த்து மடித்து ஒரு தட்டத்தில் வைத்துப் பூசகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சப்பாத்துகள் வாகனத்திலேயே இருக்கட்டும். துடக்குள்ளவர்கள் வீட்டில் நிற்பார்கள், அவர்கள் பெயருக்கும் திருநீறு எடுத்து வாருங்கள். அணியில் வேதக்காரப் பிள்ளைகளும் இருப்பார்கள். விறகு பிளக்கவும் தண்ணீர் அள்ளவும் முதலில் ஓடுவது பெரும்பாலும் அவர்கள்தான். ஆவணியில் அவர்கள் மடுமாதாவிடம் போகும்போது மற்றவர்களும் கூடப் போவதுதான் அழகு.

இனிப் பொங்கல். 25 பேருக்கு ஒரு கிலோ பச்சரிசி, வறுத்துக் கோது நீக்கிய பயறு 250 கிராம், பெரிய தேங்காய் 2, சர்க்கரை 750 கிராம், கஜுவும் முந்திரிகை வற்றலும் 50 கிராம் வீதம், ஏலக்காய் 10. பானை 7 லீற்றர் கொள்ள வேண்டும். புது மண்பானையை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள், காய்ந்த பானையில் எடுத்த எடுப்பிலேயே பெருந்தீ வைத்தால் வெடித்துவிடும். கட்டிப்பாலை ஒதுக்கி வைத்து, இரண்டாம் மூன்றாம் பாலைத் தண்ணீரோடு கழுத்தளவு ஊற்றுங்கள். பொங்கிச் சரிந்ததும் இரண்டு லீற்றர் அளவு அள்ளி வைத்துவிட்டு, அணித்தலைவர் மூன்று சிறங்கை அரிசியைப் பானையைச் சுற்றிப் போடுவார். பிறகு ஒவ்வொருவரும் சிறிதளவு. மாற்று வீரர்களை மறந்துவிடாதீர்கள். மீதி அரிசியும் பயறும் அதன்பின். அள்ளி வைத்த பாலைத் தேவைக்குத் திரும்ப ஊற்றலாம். அவசரக்காரர் சர்க்கரையை முந்திப் போடுவதுதான் வழக்கமான பிழை. அரிசி குழைவதற்குள் சர்க்கரை விழுந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு எரித்தாலும் அரிசி மசியாது. குழைந்த பிறகு சர்க்கரை, அதன்பின் கட்டிப்பால், பிறகு கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் கிண்டல். சித்திரையில் பின்னேர மழை பெய்யும். முதல்நாள் நனைந்த விறகு புகைதான் தரும், ஆகவே விறகையும் தென்னம்பாளையையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

பந்து வைத்துக் கும்பிடுவதானால் புதுப் பந்து, வெற்றிலை பாக்கு பூவோடு தட்டத்தில். ஒரு சந்தனப் பொட்டுப் போதும். மஞ்சள்நீர் தெளித்தால் தையல் வழியே உள்ளே இறங்கும். ஆட்டம் தொடங்கும்போது பந்து 410 முதல் 450 கிராம்வரைதான் இருக்கலாம், ஊறிய பந்து கனத்துவிடும். பூட்டிய வானுக்குள் வெயிலில் வைத்தால் காற்றழுத்தம் ஏறும், கொஞ்சம் காற்றை இறக்கியே கொண்டுபோங்கள்.

அர்ச்சனையில் எதைச் சொல்லிக் கும்பிடுவது என்பதே பெரிய விசயம். நன்றி முதலில். 2008-2009 போரில் ஊர்கள் முழுதாக இடம்பெயர்ந்தன. திரும்பி வந்தபோது கண்ணிவெடி அகற்றி முடியும்வரை கால் வைக்க முடியாத நிலங்கள் இருந்தன. இன்று அந்த மண்ணில் பின்னேரம் பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். கிண்ணம் எதுவும் இல்லாத வருடத்திலும் இதற்கு நன்றி சொல்லலாம், சொல்ல வேண்டும்.

பிறகு வேண்டுதல். "சம்பியனாக வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். கோல் காப்பாளரின் தோள் ஆற வேண்டும், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல் விதைப்பும் சுற்றுப்போட்டியும் ஒரே கிழமையில் வந்து பின்வரிசை வயலுக்குப் போய்விடாதிருக்க வேண்டும், பெண்கள் அணிக்கும் பயிற்சிக்கு மைதானம் கிடைக்க வேண்டும், முதல் சுற்றைத் தாண்ட வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் சிற்றி 2015 ஏப்ரலில் அட்டவணையின் அடியில் கிடந்தது. தாய்லாந்துப் பிக்குகள் வந்து மைதானத்தையும் வீரர்களையும் ஆசீர்வதித்த அணி அது. அந்தப் பருவம் தரமிறங்காமல் தப்பியது. 2016இல் சம்பியனானது. முதலில் தப்பிப் பிழைக்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைவிசேஷத்தைக் கழகத்தின் மூத்தவர் கையால் வாங்குங்கள். வெற்றிலைக்குள் நெல்லும் நாணயமும். பலர் அந்தக் காசைச் செலவழிக்காமல் உண்டியலில் சேர்த்து, வெளியூர்ப் போட்டிக்கு வாகனக்கூலியாக வைக்கிறார்கள். நல்ல வழக்கம்.

"வென்றால் வருவோம்" என்று நேர்த்தி வைக்காதீர்கள், வருவோம் என்று மட்டும் வையுங்கள். வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்தே சனம் நெரியும், வாகனத்தைத் தூரத்தில் விட்டு நடக்க வேண்டிவரும். சுற்றுப்போட்டி அட்டவணைக்குத் திகதி கொடுக்கும்போதே அந்தப் பொங்கல் நடக்கும் திங்கட்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.