ரெனே

"ஐயா, இன்னும் ஓர் எழுத்து இருக்கிறது."

பாரிஸில் இன்று ஒரு கவுன்ட்டர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி இதைச் சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார். படிவத்தில் தன் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தார். கை நடுங்கியது. ஆனாலும் அவசரப்படவில்லை.

ரெனே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உச்சரிப்பு. பெண் பெயரில் மட்டும் அந்தக் கூடுதல் எழுத்து வரும். காதுக்குக் கேட்காது, கண்ணுக்குத்தான் தெரியும்.

லத்தீனில் ரெனாத்துஸ். மறுபடி பிறந்தவர் என்று பொருள். ஞானஸ்நானத்தை மறுபிறப்பாகக் கண்ட ஆதிக் கிறிஸ்தவர்கள் விரும்பி வைத்த பெயர். 1596-இல் பிறந்த தத்துவவாதி தெகார்த்தும் ஒரு ரெனேதான்.

ஆனால் என்னை உலுக்குவது ஆன்ஜே நகரத்துப் பழங்கதை. ஆயர் மொரீய் வருவதற்குள், ஞானஸ்நானம் பெறாமலே ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. குற்ற உணர்வு தாங்காமல் அவர் ஊரைவிட்டே போகிறார். கையோடு கொண்டுபோன கோயில் சாவிகள் கடலில் விழுகின்றன. கடல் கடந்து தோட்டக்காரராக உழைக்கிறார். தேடிப் போன ஊர்க்காரர்களுக்கு ஒரு மீனின் வயிற்றில் அந்தச் சாவிகள் கிடைக்கின்றன! ஏழு வருடம் கழித்துத் திரும்பியவர், கல்லறையருகே அழுது வேண்டுகிறார். குழந்தை எழுந்துவருகிறது. அதற்கு வைத்த பெயர் ரெனே.

நடந்ததோ இல்லையோ, பிள்ளையைப் பறிகொடுத்த யாரோ ஒருவர் இப்படி நடந்திருக்கக் கூடாதா என்று ஏங்கித்தான் இந்தக் கதையை முதலில் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

பாட்டி படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்முன் மை காய மெதுவாக ஊதினார்.