மாமாவோட சல்யூட்

தெரிஞ்சவங்கள ரோட்ல பாத்தா சும்மா ஒரு சல்யூட் வெச்சிட்டு போயிடுறோம், ஆனா ஆர்மி நேவி ஏர்ஃபோர்ஸ் மூணுலயும் அது வேற வேறன்னு நேவில இருந்து ரிட்டையர் ஆன எங்க மாமா சொல்லித்தான் தெரியும். ஆர்மில உள்ளங்கை எதிர்ல நிக்கிறவருக்கு தெரியணும், நேவில கீழ பாத்து இருக்கும். கப்பல்ல கயிறு, தாருன்னு வேலை பாத்து கறை படிஞ்ச கை மேலதிகாரி கண்ணுல படக்கூடாதுன்னு வந்த வழக்கமாம், எனக்கென்னவோ அந்தக் கறைக்குத்தான் முதல்ல சல்யூட் அடிக்கணும்னு தோணுது. ஏர்ஃபோர்ஸ்ல 2006ல உள்ளங்கை தரைக்கு 45 டிகிரி சாய்வா இருக்கணும்னு மாத்திட்டாங்க.

அப்புறம் சல்யூட் ஆளுக்கு இல்ல, ஜனாதிபதி குடுக்கிற கமிஷனுக்கு, அதாவது அதிகாரியா நியமிக்கிற ஆணைக்குன்னு சொல்வாரு. அதான் தலை நரைச்ச சுபேதார் கூட பதவில தன்னை விட மேல இருக்கிற சின்னப் பையன் லெப்டினன்டுக்கு அடிப்பாரு, அந்த லெப்டினன்டும் திருப்பி அடிச்சே ஆகணும்.

மாமாவுக்கு இப்ப 74. ஆகஸ்ட் 15 கொடி ஏறும்போது அந்தக் கை இன்னும் உள்ளங்கைய கீழ வெச்சுத்தான் நெத்திக்குப் போகுது.