ஜான் கசால்: ஐந்தே படங்கள்

ஜான் கசால் நடித்த முழுநீளப் படங்கள் ஐந்துதான்: தி காட்ஃபாதர் (1972), தி கான்வர்சேஷன், காட்ஃபாதர் இரண்டாம் பாகம் (இரண்டும் 1974), டாக் டே ஆஃப்டர்நூன் (1975), தி டீர் ஹண்டர் (1978). ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. அவருக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. பெரிய அநியாயம்!

அவர் மேடையில் வளர்ந்தவர். 1968-இல் ஓபி விருது (நியூயார்க்கின் சிறு அரங்க நாடகங்களுக்கான விருது) வாங்கித் தந்த நாடக வேடம் குப்தா: ஆங்கிலம் தெரியாமல், இந்தி மட்டும் பேசி, நியூயார்க்கில் மகனைத் தேடித் தவிக்கும் இந்தியர். அவரைச் சீண்டும் இளைஞனாக அல் பசினோ. பேச்சு எடுபடாத இடத்தில் உடம்பால் நடிக்கும் வேலை.

அதே பலம்தான் காட்ஃபாதர் படங்களில் அவர் செய்த மகன் வேடமான ஃப்ரெடோவிலும். அப்பாவை எதிரிகள் சுடும்போது துப்பாக்கியைத் தடுமாறி நழுவவிட்டு, தெருவோரம் உட்கார்ந்து அழுவார். இரண்டாம் பாகத்தில் சாய்வு நாற்காலியில் கிட்டத்தட்ட மல்லாந்து கிடந்தபடியே தம்பியிடம் வெடிப்பார். எழுந்து நின்று கத்தியிருந்தால் அந்தக் கையாலாகாத்தனம் வந்திருக்காது.

டீர் ஹண்டர் எடுக்கும்போதே நுரையீரல் புற்றுநோய்; அவர் காட்சிகளை முதலில் எடுத்து முடித்தார்கள். படம் வருவதற்குள், 1978 மார்ச்சில் காலமானார். வயது 42.

புதிதாகப் பார்ப்பவர்கள் டாக் டே ஆஃப்டர்நூனில் தொடங்குங்கள். வங்கிக் கொள்ளையில் மாட்டிக்கொண்ட இருவரில் பசினோ, தப்பி எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்க, கசால் "வயோமிங்" என்பார்; அது அமெரிக்காவிலேயே உள்ள ஒரு மாநிலம். அந்த வசனம் எழுதி வைத்ததல்ல, அவரே அந்த இடத்தில் சொன்னது. முகத்தில் துளிச் சிரிப்பில்லை.